கன்னத்தில் அடக்கிய குண்டுகள்

ஜனவரி 12

பொடிசுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். மூன்று வருடமாகக் கேட்காதவள் இப்போது கேட்டால் நீயும் நம்பப் போவதில்லை. போனில் பேசலாமே என்பாய். பேச முடியாது. நான் ஹாலில் போனை எடுத்ததுமே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது. மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அர்த்தம். அதனால்தான் கடிதம். நானே நடந்து போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.

இந்த வீட்டில் என்னை என்னவோ செய்கிறார்கள்.

முதலில் பால். சாயங்காலம் அவள் கொண்டுவந்து தருகிற பாலில் ஏதோ பொடி இருக்கிறது. குடித்து முடித்தால் டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்குகிறது. "என்னம்மா இது?" என்றேன். "சத்துப் பொடி அத்தை" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சத்து குறைவு என்று யார் அவளிடம் அழுதார்கள்?

அடுத்தது என் டப்பா. நாம் வேலை பார்த்த திரைச்சீலைக் கடையிலிருந்து கொண்டுவந்தேனே, ஈயக்குண்டு டப்பா, அதுதான். இப்போதும் அக்கம்பக்கத்தில் திரை தைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓரத்தில் குண்டு வைத்தால்தானே திரை அலையாமல் நேராக விழும்? மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்த டப்பாவைக் காணவில்லை. மகனைக் கேட்டால், "எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பீங்கம்மா" என்கிறான். நான் எதையும் மறக்கவில்லை. மறந்ததாக என்னை நம்பவைக்கப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பாய். போன வாரம் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். முகத்தில் வெளிச்சம் பட்டு விழித்தால் மருமகள் என்மேல் குனிந்து நிற்கிறாள். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையால் என் கீழுதட்டை இழுத்துப் பிடித்திருக்கிறாள்! "பல்லுல ஏதோ ஒட்டியிருந்துச்சு அத்தை" என்று குழறினாள். பல் டாக்டரிடம் உதவியாளாக வேலை பார்க்கிறவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகத் தூங்குகிறவர்களின் வாயையெல்லாம் திறந்து பார்ப்பாளா? சந்தையில் மாட்டைத்தான் அப்படிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒன்று வாங்குவதற்கு, இல்லையென்றால் விற்பதற்கு.

விற்கத்தான் போகிறார்கள். மேஜையில் முதியோர் இல்லத்துப் படம் போட்ட அட்டை கிடந்தது. நான் வந்ததும் மகன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்குப் பைத்தியம் என்று ஒரு டாக்டரைச் சொல்லவைத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. கோபமிருந்தாலும் நீ என் ரத்தம். வந்து உன் கண்ணால் பார்.

அக்கா

ஜனவரி 25

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் படித்தால் பாலில் பொடியாம்.

நான் மறக்கவில்லை, அக்கா. என் வீட்டுக்காரர் உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "என் மகன எங்கிட்டருந்து பிரிக்கிறதே நீதான்டி, உன் போன்ல இருந்துதான் என்னைப் பத்தி எல்லாம் அவனுக்குப் போகுது" என்று கத்தினாய். நர்ஸ்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் அன்று மாலையே போய்விட்டார். அவர் காதில் கடைசியாக விழுந்தது உன் குரலாக இருக்குமோ என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு நான். இன்றைக்கு உன் மருமகள். நாளைக்குப் பால்காரன் பேர் அடிபடும்.

உன் மருமகளை எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லவே வராது. நீயே எழுதியிருக்கிறாய், முகத்தைப் பார்க்க முடியாமல் குழறினாள் என்று. தேர்ந்த கள்ளி அப்படியா குழறுவாள்?

டார்ச் விஷயம்தான் எனக்கும் உறுத்துகிறது. உன் வாயில் அப்படி என்ன இருக்கிறது? குண்டைக் கடித்துக் கடித்துக் கீழ் முன்பல்லில் விழுந்த பள்ளம் இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது. அந்தக் கடையில் வேலை செய்த எவள் வாயைத் திறந்தாலும் அது இருக்கும். ஒரு கைப்பிடிக் குண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளி, நூலில் மாட்டி, பல்லால் நறுக்கென்று கடித்து மூடுவோமே. உன்னை 'அணில்' என்று கடைப் பெண்கள் கூப்பிட்டதும் அதனால்தானே. மேற்பார்வையாளர் வந்து கேள்வி கேட்டால் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டுவாய். நீ அடக்கமான பெண் என்று அந்த மனுஷன் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

உனக்குச் சந்தேகம் தீர வேண்டுமானால் ஒன்று செய். பாலை அவளிடமே நீட்டி, முதலில் நீ குடி என்று சொல்லிப் பார்.

பொடிசு

பிப்ரவரி 9

பொடிசுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். டம்ளரை நீட்டி, "நீ ஒரு வாய் குடி, அப்புறம் நான் குடிக்கிறேன்" என்றேன். தயங்கவே இல்லை. மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. கள்ளமில்லாதவளாக இருந்தால், "என்ன அத்தை, என்னை இப்படிச் சந்தேகப்படறீங்க" என்று ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்க மாட்டாளா? என்றைக்காவது கேட்பேன் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்திருக்கிறாள்.

இன்னும் கேள். கதவுக்குப் பின்னாலிருந்து என் காதாலேயே கேட்டேன். "ரத்தம் எடுத்தே ஆகணும்" என்கிறாள் அவள். "அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேணாம், ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்க" என்கிறான் இவன். என் ரத்தம், என்னிடம் சொல்லக்கூடாதாம்! நேற்று அவள் கொண்டுவந்த பாலைத் தட்டிவிட்டேன். கண்ணாடி டம்ளர் உடைந்து அவள் காலில் கீறிவிட்டது. மகன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பெற்றவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

டப்பாவைத்தான் எடுத்தார்கள். தலையணை உறைக்குள் ஒரு பொட்டலம் வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. தைக்கும்போது நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. சும்மா இருக்கும்போதும் போட்டுக்கொள்கிறேன். சிலர் பாக்கு மெல்லவில்லையா?

எனக்கு உடம்பும் சரியில்லை. வயிற்றை முறுக்குகிறது. கத்தரிக்கோல் கையில் நிற்காமல் விழுகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, பொடிசு. உட்கார்ந்து அழுதுவிட்டு எதற்கு அழுதேன் என்று யோசிக்கிறேன். பக்கத்துத் தெரு டாக்டரிடம் சொன்னதற்கு, "வயசாச்சு இல்லம்மா, அப்படித்தான்" என்று தூக்க மாத்திரை எழுதினார். அது வயதினால் அல்ல, அந்தப் பாலினால்தான். நான் நிதானத்தில் இருக்கும்போதே வந்து பார்த்துவிடு. அப்புறம் நான் என்ன சொன்னாலும் பைத்தியத்தின் பேச்சு என்று சொல்லிவிடுவார்கள்.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் கிளம்பினேன். கோபமெல்லாம் இருக்கட்டும், முதலில் போய்ப் பார்ப்போம் என்று. பஸ் நிலையத்துப் படியில் கால் இடறித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அசையக்கூடாது என்று கிடத்தியிருக்கிறார்கள். ஒரு அம்மாள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

வர முடியாததால் உனக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டேன். உன் மருமகளுக்குப் போன் பண்ணினேன். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

நீ எழுதியதெல்லாம் உண்மை. டப்பாவை எடுத்தது அவள்தான். பாலில் பொடி போடுவதும் அவள்தான். வாயைப் பார்த்ததும், உனக்குத் தெரியாமல் உன் ரத்தத்தைப் பற்றிப் பேசியதும் எல்லாம் உண்மை. நீ பைத்தியமில்லை, அக்கா.

அவள் சொன்ன காரணம் இது. நீ ஒருநாள் கொட்டாவி விட்டபோது உன் ஈறில் பல்லோரமாக நீலக் கறுப்பில் ஒரு கோடு தெரிந்திருக்கிறது. நீ வாயைக் காட்ட மாட்டாய் என்று தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். தன் டாக்டரிடம் கேட்டதற்கு, ஈயம் உடம்பில் சேர்ந்தால் சிலருக்கு அப்படிக் கோடு விழும், ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றாராம். அதனால்தான் டப்பாவை ஒளித்தாள். பொடி வெறும் கால்சியம், அதே டாக்டர் சொன்னது. ஈயம் உடம்பை மட்டுமல்ல, மனசையும் பிடித்து ஆட்டும், எரிச்சலும் அழுகையும் வரும், எதைப் பார்த்தாலும் பயம் வரும் என்றாராம்.

"அத்தைகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று அவளையும் கடிந்துகொண்டேன். "சொன்னா என்னை நம்புவாங்களா சின்ன அத்தை?" என்றாள்.

அந்தப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடு. ரத்தமும் கொடு. அதில் ஒன்றும் இல்லையென்றால் நானே உன் பக்கம் நின்று அவர்களைக் கேள்வி கேட்கிறேன்.

பொடிசு

ஏப்ரல் 18

பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளையும் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான். கிழித்துப் போட எடுத்தேன். 'நீ பைத்தியமில்லை' என்ற வரியைக் கிழிக்க மனசு வரவில்லை. இத்தனை மாதத்தில் அதை வேறு யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "டப்பாவை எடுத்தியா?" என்று கேட்டேன். "எடுத்தேன் அத்தை" என்றாள். "பொடி?" "போட்டேன்." முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான் கையை நீட்டினேன். ஊசி போட்டவளிடம், ஒரு குழாய்க்கு மேல் எடுத்தால் போலீசுக்குப் போவேன் என்று சொல்லிவைத்தேன்.

இருக்கிறது, பொடிசு. இருக்க வேண்டியதற்கு மேல் பல மடங்கு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குண்டையெல்லாம் மருமகள் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் போனாள். செத்த எலியை எடுத்துப் போவதுபோல அவள் போனதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. சோறு போட்ட குண்டு அது.

அங்கே இருந்த டாக்டரம்மா நன்றாகப் பேசினாள். "வாயில போட்டது மட்டும் இல்லம்மா. சின்ன வயசுல சேர்ந்தது எலும்புல போய் உட்கார்ந்திருக்கும். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு தேயும். தேயத் தேய உள்ள இருக்கிறதும் ரத்தத்துக்கு வரும்" என்றாள். சரி, நான் பட்ட சந்தேகமெல்லாம் இதனால்தானா என்று கேட்டேன். "அதுல ஈயம் எவ்வளவு, உங்க சுபாவம் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றாள். "சுபாவம்தான் ஜாஸ்தி டாக்டர்" என்றான் உன் அருமை அக்கா மகன். அந்த அறையில் நான்கூடச் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இந்தமுறை எதற்கு என்று தெரிந்தே அழுதேன். கிழவி அழுதால் வயது என்கிறார்கள், கிழவி கத்தினால் குணம் என்கிறார்கள். உன் வாயில் இத்தனை காலம் என்ன இருந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? நான் யாரைத் திருடி என்றேனோ அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தியது நானா குண்டா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். எதுவானாலும் உன் வீட்டுக்காரர் காதில் அது விழுந்திருக்கக்கூடாது.

நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. நீ அந்த வேலையை விட்டுக் காலம் ஆகிவிட்டது, இருந்தாலும் பார்த்துவிடு.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

உன் கடிதம் ஏற்கெனவே பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. பசை புதிதாக இருந்தது. யார் பிரித்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்கே தெரிந்திருக்கும்.

சமைக்க வந்த அம்மாளை நிறுத்திவிட்டேன். என் மாத்திரை டப்பாவை இடம் மாற்றி மாற்றி வைக்கிறாள். கேட்டால், "நீங்கதான் வச்சீங்க" என்கிறாள். மாடி வீட்டுப் பெண், நான் ஊன்றுகோலோடு நடந்தால் அவளும் மேலே நடக்கிறாள். நான் நின்றால் அவளும் நிற்கிறாள்.

உன் மருமகள் தினமும் போன் பண்ணி, "ரத்தம் கொடுத்தீங்களா சின்ன அத்தை, கொடுத்தீங்களா" என்று பிடுங்கி எடுக்கிறாள். என் ரத்தத்தின்மேல் அவளுக்கு என்ன இத்தனை ஆசை? உன்னிடம் எடுத்தார்கள். எடுத்த பிறகு நீ அவள் சொல்கிறபடியெல்லாம் ஆடுகிறாய். முன்பெல்லாம் அவள் பெயரைச் சொன்னாலே உன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இன்றைக்கு டாக்டரம்மாவோடு சிரிக்கிறாயாம்.

படுத்துக்கொண்டே நிறைய யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று என் வாயில் குண்டைப் போட்டது யார்? நீதான். "கன்னத்துல வச்சுக்கோ, கை காலியா இருக்கும்" என்றாய். நான் உன்னைவிட வேகமாகத் தைத்துவிடுவேன் என்று உனக்கு அப்போதே பொறாமை. தெரிந்துதான் போட்டாய்.

எனக்கு எழுதாதே. தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன்.

ஜூன் 29

பொடிசுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் மாமியாரா?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அப்புறம் இரண்டாம்முறை படித்தேன். அந்த வரிகளை நான் எங்கோ படித்திருக்கிறேன். மருமகளிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, இதெல்லாம் நீங்க ஜனவரில பேசினதுதான்."

உன்னைக் கேலி செய்ய எழுதவில்லை. நான் அங்கே இருந்துவிட்டு வந்தவள். அந்தச் சந்தேகம் சந்தேகம் மாதிரியே இருக்காது, உலகத்தில் நமக்கு மட்டும் புத்தி தெளிந்துவிட்டது மாதிரி இருக்கும். டாக்டரம்மாவிடம் உன் காலைப் பற்றிச் சொன்னேன். எலும்பு முறிந்தாலும், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தாலும் உள்ளே கிடக்கிற ஈயம் இன்னும் வேகமாக வெளியே வருமாம். எனக்காவது வாய் வழியே போனது. உனக்கு உன் எலும்பே ஊட்டுகிறது. வேறு காரணமாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும், உடனே பாருங்கள் என்றாள்.

குண்டை உன் வாயில் போட்டது நான்தான். எனக்கு இரண்டு கன்னம் நிறைய, உனக்கு ஒரு கன்னம். வேகமாகத் தைத்தால் உன்னை வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று போட்டேன். நல்லதைத்தான் ஊட்டுகிறேன் என்று நினைத்தேன், பொடிசு. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நாங்கள் வருகிறோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஆளையும் மருமகள் உன் ஊரில் ஏற்பாடு செய்திருக்கிறாள். கதவைத் திற.

அக்கா

ஜூலை 8, உன் கதவுக்கு வெளியே

பொடிசு,

பெல் அடித்து அடித்து விரல் வலிக்கிறது. நீ உள்ளேதான் இருக்கிறாய், ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பேனாவும் சேர்த்துத் தள்ளுகிறேன்.

அக்கா

(அதே தாளின் கீழே)

நீ என் அக்கா இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல் தணிந்து பேசுகிறது. என் அக்கா இவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரோ அவளை மாதிரிப் பேசுகிறீர்கள். போய்விடுங்கள்.

பொடிசு,

கொழுப்புதான் உனக்கு. படியேறி முட்டி கழன்றுவிட்டது, இதில் பொறுமை கெட்டு நான் கத்த வேறு வேண்டுமா? என்னை எப்படிச் சோதிக்க வேண்டுமோ சோதித்துக்கொள். பாலைக் குடிக்கச் சொன்னால்கூடக் குடிக்கிறேன்.

(அதன் பின்புறம்)

கதவுத் துளைக்கு நேராக வந்து நில். வாயைத் திற. கீழ்ப்பல்லைக் காட்டு.

(அதன் கீழே, கோணல் எழுத்தில்)

திறந்துகொண்டு நிற்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். படிக்கட்டில் வெளிச்சம் இல்லாததால் மருமகள் டார்ச் அடிக்கிறாள். என் கீழுதட்டை இழுத்துப் பிடித்திருப்பதும் அவள்தான். எனக்கு ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் தாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சீக்கிரம் சொல், எச்சில் வழிகிறது.

(ஓரத்தில், சிறிய எழுத்தில்)

தெரிகிறது. பள்ளம் தெரிகிறது. நீதான்.

தாழ்ப்பாளை எடுக்கிறேன். முதலில் நீ மட்டும் வா. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அவள் வரட்டும். ரத்தம் கொடுக்கிறேன். பால் மட்டும் குடிக்கச் சொல்லாதே.